அவசரமில்லை ஐயா, சேர்த்தே கொண்டு வாருங்கள்

இணையவழி வணிக நிறுவனங்களின் இந்தியத் தலைமை அலுவலர்களுக்கு ஒரு பழைய தபால்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரே கம்பெனியிலிருந்து மூன்று பார்சல்கள் வந்தன. காலை பத்தரைக்கு ஒரு பையன் குக்கர் கேஸ்கெட் கொண்டு வந்தான். மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது இன்னொருவர் வந்தார். கையில் கலர் பென்சில் டப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாவது ஆள் ஷாம்புவோடு வந்தார். மூன்றையும் அந்த வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரே ஆர்டராகப் போட்டிருக்கிறார். கேஸ்கெட் போய் இரண்டு வாரமாக அவர் குக்கரில் வெந்துகொண்டுதான் இருந்தது சோறு. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்க மாட்டாரா? அந்த ரப்பர் வளையம் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு முழுக் குக்கரையே உட்கார வைக்கலாம்.

எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. உங்களில் யாராகவும் இருக்கலாம், எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் வருகிறீர்கள்.

நான் தென்சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் அடுக்ககச் சங்கத்தில் செயலாளர் என்று பெயர். உண்மையில் காவலாளி டீ குடிக்கப் போனால் கேட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பார்சல்களை வாங்கி வைக்கிற வேலை. விட்ட இடத்திலேயே பிழைப்பு மறுபடி வந்து நிற்கிறது. அதனால் சில விஷயங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வேலைக்கு உயிர் ‘பீட்’, அதாவது ஒரு தபால்காரர் தினமும் போய்வருகிற தெருக்களின் சுற்று. காலையில் ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸிலிருந்து பைகள் வந்து இறங்கும். மேசையில் கொட்டி பீட் வாரியாகப் பிரிப்போம். பிறகு அவரவர் தன் கட்டை எடுத்துத் தெரு வரிசையாக, கதவு எண் வரிசையாக அடுக்க வேண்டும். தெருவின் வலப்பக்கம் போய் இடப்பக்கமாகத் திரும்பி வருகிற மாதிரி அடுக்கு இருக்கும். காலையில் அடுக்குவதற்குச் செலவழிக்கிற நேரம்தான் வெயிலில் நம்மைக் காப்பாற்றும். ஒரு கார்டு அடுக்கில் மாறிப் போய், தெருக்கோடிக்கு வந்த பிறகு கையில் கிடைத்தால் மறுபடி சைக்கிளைத் திருப்பி மிதிக்க வேண்டும். மே மாதத்தில் அப்படி ஒருமுறை மிதித்தவன் அடுத்த நாளிலிருந்து ஒழுங்காக அடுக்குவான். ஒரு வீட்டுக்கு மணியார்டர், ரிஜிஸ்டர், இரண்டு கார்டு, ஒரு வாரப் பத்திரிகை எல்லாம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவையில்தான் கொடுப்போம். ஒன்று கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும், ஒன்று காரைக்குடியிலிருந்து வந்திருக்கும். வாசலுக்கு வரும்போது ஒரே கை.

இது பெரிய விஞ்ஞானம் இல்லை. உங்கள் செயலியில் முகவரி போட்டதும் நீங்கள் கேட்கிறீர்களே ஆறு இலக்கம், அது 1972 ஆகஸ்ட் 15-ல் அஞ்சல் துறை கொடுத்தது. கடைசி மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்ய வேண்டும் என்று சொல்லும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டீர்கள், அதற்குப் பின்னால் இருந்த சுற்றை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் மனக்குறை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆன்லைனில் வாங்குவதே பாவம் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். எங்கள் அடுக்ககத்தில் இருபது குடும்பங்கள் ஆளுக்கொரு வண்டியை எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போய்வருவதைவிட, ஒரு வேன் வந்து இருபது வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல். பெட்ரோலும் மிச்சம், ரங்கநாதன் தெருவில் இடிபடவும் வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு வேன் நிரம்பி வந்தால்தான் சரியாக வரும். ஒரு ஷாம்புக்கு ஒரு பைக், ஒரு பென்சில் டப்பாவுக்கு ஒரு பைக் என்று வந்தால் கணக்கு அப்படியே தலைகீழ்.

சுற்றை உடைப்பது அவசரம். ‘நாளைக்கே’, ‘இன்றைக்கே’, அப்புறம் ‘பத்து நிமிடத்தில்’. இந்த அவசரம் யாருடையது? என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து அவசரம். தலையணை உறைக்கு என்ன அவசரம்? உங்கள் செயலியில் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மிக வேகமான டெலிவரி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டு நிற்கும். மெதுவானது இருந்தாலும் கீழே எங்கேயோ சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும். கண்ணாடி போடாத என் வயதுக்காரருக்கு அது தெரியவே தெரியாது. பிறகு ‘வாடிக்கையாளர் வேகத்தைத்தான் விரும்புகிறார்’ என்று சொல்கிறீர்கள். இலையில் முதலில் பாயசத்தை ஊற்றிவிட்டு, இவருக்குச் சோறு பிடிக்காது என்று சொல்வது போல இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ‘எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் தெருவின் நாளில்’ என்பதை முதலில் வையுங்கள். அதுதான் தானாகத் தேர்வாகியிருக்க வேண்டும். அவசரம் உள்ளவர் விரலை அசைத்து வேகத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். மடிப்பாக்கத்தின் இந்தப் பகுதிக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்தால் பத்து வீட்டுப் பொருள் ஒரே வண்டியில் வரும். முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 2019-லேயே அமேசான், உறுப்பினர் தனக்கு வசதியான ஒரு நாளைச் சொன்னால் அந்த வாரத்துப் பொருட்களைச் சேர்த்து அன்றைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. இங்கே ஆவின் பால் தினமும் வருகிறது, தண்ணீர் கேன் நாள் வைத்து வருகிறது, கேஸ் சிலிண்டர் சொன்ன பிறகு வருகிறது. சுற்றுக்குப் பழகாத சனம் இல்லை நாங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் பெட்டியும் அவசரத்தின் பிள்ளைதான். மூன்று பொருள் மூன்று கிடங்கிலிருந்து அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்றால் மூன்று பெட்டி வேண்டும். சேர்ந்து கிளம்பினால் ஒன்று போதும். என் தங்கை மகன் செங்குன்றம் பக்கம் ஒரு கிடங்கில் பேக்கிங்கில் இருந்தவன். “மாமா, கைக்கு எந்த சைஸ் பெட்டி கிடைக்குதோ அதுலதான் போடுவோம், சின்னதைத் தேடிட்டு நின்னா டார்கெட் போயிடும்” என்றான். கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதோடு இடத்தையும் அளக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 40-க்கு 30-க்கு 20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே இருந்த கேஸ்கெட் கைப்பிடி அளவு. மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றை லாரியில் ஏற்றி டீசல் எரித்து மடிப்பாக்கம் வரை கொண்டு வந்திருக்கிறீர்கள். காற்று இங்கேயே இருக்கிறது ஐயா.

தென்கொரியாவில் கூரியர் பெட்டிக்குள் காலியிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தடவைக்கு மேல் உறை போட்டு மூடக் கூடாது என்று 2024 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. நிறுவனங்கள் பழகிக்கொள்ள இரண்டு வருடம் தவணையும் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2030-லிருந்து ஆன்லைன் பெட்டிகளுக்கு அதே 50 சதவீதக் கணக்கை வைத்திருக்கிறது. இங்கே சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டுமா? லாரியில் போகிற காற்றுக்கு வாடகை கட்டுவது நீங்கள்தானே.

எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரை ஒருநாள் கேட்டேன், எங்கள் குப்பையில் எது போகும், எது போகாது என்று. அட்டைப் பெட்டி போகும், ஆனால் நனையாமல் இருக்க வேண்டும். டேப்பை உரித்துக் கொடுத்தால் நல்லது. குமிழி பிளாஸ்டிக்கை எடுக்க மாட்டாராம். சாம்பல் நிற கூரியர் கவரைக் காட்டியதும் கையை ஆட்டினார்: “இது வேணாம் சார், யாரும் வாங்க மாட்டாங்க.” யாரும் வாங்காதது எங்கே போகும் என்று மடிப்பாக்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். அந்தக் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அதே வருடம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு பக்கம் உலகப் பெருமை, ஒட்டினாற்போல் கவர் மலை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக்கில் கத்திரிக்காய் போட்டுக் கொடுத்த அண்ணாச்சிக்கு மாநகராட்சி அபராதம் போடுகிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு இயக்கமே தொடங்கியது. அண்ணாச்சி திருந்திவிட்டார், இப்போது பை கொண்டு வரச் சொல்லித் திட்டுகிறார். அவர் கடையைத் தாண்டி நாள் முழுக்க உங்கள் கவர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் உங்கள் பேக்கிங்கைப் பற்றி ஒரு 16 வயதுப் பையன் முறையிட்டான். 2020-ல் அமேசானும் 2021-ல் ஃபிளிப்கார்ட்டும் தங்கள் கிடங்குகளின் பேக்கிங்கிலிருந்து ஒருமுறைப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டதாக அறிவித்தன. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் ‘தங்கள் கிடங்குகளின்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் தளத்தில் விற்கிற ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் தாங்களே பேக் செய்து அனுப்புவது அந்த அறிவிப்புக்குள் வராது. உங்கள் தளத்தில் விற்க எத்தனையோ நிபந்தனை போடுகிறீர்கள், கமிஷன் பிடிக்கிறீர்கள், போட்டோவின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். கவரைப் பற்றியும் ஒரு நிபந்தனை போடலாமே.

2022 பிப்ரவரி 16-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி பிளாஸ்டிக் பேக்கிங்கைச் சந்தையில் விடுகிறவர்கள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இணையச் சந்தைகளும் அதற்குள் வருகின்றன. ஆனால் பொறுப்பைச் சான்றிதழாக வாங்கிவிடலாம். எங்கோ ஒரு மாநிலத்தில் யாரோ மறுசுழற்சி செய்ததற்கான காகிதம் உங்கள் கணக்கில் வரவாகிவிடும். அந்தச் சான்றிதழ்களிலேயே போலிகள் இருந்ததை 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. அசலாகவே இருந்தாலும், எங்கோ உருக்கிய பிளாஸ்டிக்கால் பெருங்குடியில் ஒரு கவராவது குறைந்ததா?

அதற்காக எல்லாவற்றையும் காகிதமாக்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். காகிதம் மரத்திலோ கரும்புச் சக்கையிலோ பழைய அட்டையிலோதான் பிறக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறது. ஒவ்வொரு முறை மறுசுழற்சி செய்யும்போதும் நார் குட்டையாகிறது. திரும்பத் திரும்ப வருகிற பைதான் நல்ல பை.

எங்களிடம் அது இருந்தது. கான்வாஸ் தபால் பை. வாயைச் சணலால் கட்டி, அரக்கு முத்திரை குத்தி, ஊர்ப் பெயர் எழுதிய சீட்டைத் தொங்கவிடுவோம். மதுரைக்குப் போன பை சீட்டை மாற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகும், அங்கிருந்து எங்கெங்கோ போய் மறுபடி சென்னைக்கு வரும். எத்தனை பை வந்தது, எத்தனை போனது, கையிருப்பு எத்தனை என்று அலுவலகத்தில் தனிக் கணக்கு உண்டு. கிழிந்த பையைத் தைத்துப் போடுவார்கள். பெரிய அஞ்சலகங்களின் வாசலில் ஊசியும் கோராத் துணியுமாக ஒருவர் உட்கார்ந்து பார்சலைச் சுற்றித் தைத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் துணியைப் பிரித்துப் பாத்திரம் துடைக்க வைத்துக்கொள்வார்கள். என் அம்மாவிடம் பம்பாய் மாமா அனுப்பிய பார்சல் துணி பல வருடம் அடுக்களையில் கிடந்தது. ஓரத்தில் எங்கள் விலாசம் ஊதா மசியில் கலங்கித் தெரியும்.

உங்கள் ஆள் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார். ஜிப் வைத்த, மடக்குகிற ஒரு கெட்டிப் பையில் பொருளைக் கொண்டு வந்து, பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு, பையை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். தினமும் பார்சல் எடுக்கக் கிடங்குக்குத் திரும்பப் போகிறவர்தானே. இதைக் கேட்ட என் பேத்தி, ‘அந்தப் பைகளுக்கு யார் கணக்கு வைப்பது தாத்தா’ என்றாள். நாங்கள் பேனாவால் வைத்தோம். உங்களிடம் என்னென்னவோ இயந்திரம் இருக்கிறது.

திருப்பி அனுப்புகிற விஷயத்தில் தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. நானே ஒரு செருப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பியவன். எட்டு போட்டேன், இறுக்கியது. ஒன்பது போட்டேன், கழன்றது. அந்தக் காலத்தில் வி.பி.பி. என்று உண்டு. பொருளைக் கொண்டு வருவோம், பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நீங்கள் சொல்கிற கேஷ் ஆன் டெலிவரியின் தாத்தா. அப்போதும் வாங்க மறுக்கிறவர்கள் உண்டு. ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்புவோம். ஆனால் அந்தப் போக்குவரத்துக்குக் காசு யாரோ கொடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆர்டர் போடும்போதே யோசிப்பார்கள். இன்றைக்கு மூன்று சைஸில் மூன்று சுடிதார் வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்புகிறார்கள். இலவசம் என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் செய்கிறார்கள். கட்டணம் போடுங்கள் என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. ஆனால் ஒன்று செய்யலாம். திருப்பும் பொருளை எடுக்கத் தனியாக ஓர் ஆளை அனுப்பாதீர்கள். அடுத்த சுற்றில் வருகிறவரே எடுத்துக்கொண்டு போகட்டும். அளவு அட்டவணையையும் இந்திய உடம்பை அளந்து போடுங்கள். ஒரு கம்பெனி ‘எல்’லுக்கும் இன்னொரு கம்பெனி ‘எல்’லுக்கும் மாமன் மச்சான் உறவுகூட இல்லை.

ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டு முறை மூன்று முறை வருவது இன்னொரு வீண். நாங்கள் கதவு பூட்டியிருந்தால் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வருவோம். ஏழு நாள் அஞ்சலகத்தில் இருக்கும், அவர் வந்து வாங்கிக்கொள்வார். போலந்தில் தெருவுக்குத் தெரு பார்சல் பெட்டகங்கள் நிற்கின்றன. போனில் வந்த எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். வண்டி ஒரே இடத்தில் நின்று ஐம்பது பேர் பொருளை வைத்துவிட்டுப் போகும். இங்கே அந்தப் பெட்டகம் எங்கள் காவலாளிதான். ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைக்கு அடியில் உங்கள் பார்சல்கள். அவருக்கு நீங்கள் ஒரு பைசா கொடுப்பதில்லை. மெட்ரோ நிலையத்திலோ ஆவின் பாலகத்திலோ தெருமுனைக் கடையிலோ உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடம் வைத்து, அதை நடத்துகிறவருக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். அண்ணாச்சிக்கும் உங்கள் மேல் இருக்கிற கோபம் கொஞ்சம் தணியும். நாட்டில் 1.64 லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள் இருக்கின்றன, அவற்றையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் துறைக்கும் வேக நோய் தொற்றிக்கொண்டது என்பது வேறு கதை; ரிஜிஸ்டர் தபாலையே 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டுக்குள் கரைத்துவிட்டார்கள்.

மின்சார வண்டிகளைப் பற்றி நீங்களே நிறையப் பேசுகிறீர்கள். அமேசான் 2025-க்குள் இந்தியாவில் 10,000 என்றது, ஃபிளிப்கார்ட் 2030-க்குள் 25,000 என்றது. டெல்லி அரசு 2030 ஏப்ரல் 1-க்குள் டெலிவரி வண்டிகள் முழுக்க மின்சாரமாக வேண்டும் என்று 2023-லேயே திட்டம் போட்டுவிட்டது. தமிழ்நாடு 2025 பட்ஜெட்டில் நல வாரியத்தில் பதிவு செய்த, டெலிவரி போன்ற இணையவழி வேலை செய்கிற 2,000 தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனால் எங்கள் கேட்டில் வந்து நிற்பதில் பெரும்பாலானவை பழைய பெட்ரோல் பைக்குகள். வண்டி அந்தப் பையனுடையது, பெட்ரோலும் அவன் காசு, கூலி பார்சலுக்கு இவ்வளவு என்று. அவனிடம் போய்ப் பூமி சூடாகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்குத் துறை சைக்கிள் பராமரிப்புக்குப் படி கொடுத்தது. சொற்பம்தான், ஆனால் கொடுத்தது. வண்டியை நீங்கள் கொடுங்கள், அல்லது வாடகையில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். கிடங்கு வாசலில் சார்ஜ் போட இடம் வையுங்கள். உங்கள் மின்வண்டிகள் நாட்டில் எத்தனை என்று சொல்லாமல், சென்னையில் எத்தனை, மதுரையில் எத்தனை என்று ஊர் வாரியாக வெளியிடுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும், மூன்று முறை வருவது மூன்று முறைதான் என்பதையும் மறக்க வேண்டாம். மின்சாரமும் கணிசமான அளவு எண்ணூர் போன்ற இடங்களில் நிலக்கரி எரித்துத்தான் வருகிறது.

பொங்கல் வாழ்த்துக் காலத்தில் எங்கள் மேசையில் அட்டைகள் மலையாகக் குவியும். தீபாவளி விற்பனையில் உங்கள் கிடங்கு எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அந்த நாட்களில்கூட ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போனோம். மூன்று நாள் தாமதமானால் ‘என்னப்பா, பொங்கல் முடிஞ்சு கொண்டு வரே’ என்று கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான். கரும்புத் துண்டும் கொடுப்பார்கள்.

எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கு இருக்கிறது. ஆறு மாதமாக இருபது வீட்டிலிருந்தும் உங்கள் கூரியர் கவர்களையும் குமிழி உறைகளையும் அதில் சேர்த்து வருகிறேன். பெரும்பாலானவை கிழியாமல், மறுபடி பயன்படுத்துகிற நிலையில்தான் இருக்கின்றன. எந்தக் கவர் யாருடையது என்று பிரித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். அடுத்த முறை வருகிற உங்கள் ஆளிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வாங்க உத்தரவு இல்லை என்றார்கள். அந்த உத்தரவைக் கொடுங்கள். செவ்வாயோ வெள்ளியோ, எந்தக் கிழமை என்று சொன்னால் கீழே இறக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை 600 091.